தனஞ்செயன் சாரின் மீசை

ஜூன் 9

இன்று பள்ளி திறந்தது. திறந்த அன்றே என் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டிவிட்டார்கள்.

பத்தாம் வகுப்பு ஏ பிரிவுக்கு வருடக்கணக்காகக் கணக்கு நான்தான். இன்று ஆசிரியர் கூட்டத்தில் துணை முதல்வர் தனஞ்செயன் சார் எழுந்தார். தொண்டையைச் செருமினார். மீசையை ஒரு தடவு தடவினார். "இந்த வருஷம் ஏ செக்‌ஷன் கணக்கை நானே எடுத்துக்கிடுதேன். பொற்கொடி மிஸ் கொஞ்சம் மெதுவாப் போறவங்க. அவங்களுக்கு எஃப்தான் பொருத்தம்" என்றார். தாளாளர் அண்ணாச்சி தலையாட்டினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் மார்க்குப்படி ஏ, பி, சி என்று பிரித்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சம் விழுகிற பிள்ளைகளை உட்காரவைக்கும் இடம்தான் எஃப். மாடியில் கடைசி அறை. மேலே தண்ணீர்த் தொட்டி. சுவரெல்லாம் ஓதம்.

வீட்டுக்கு வந்து மாவு ஆட்டினேன். கிரைண்டர் ஓடிய நேரம் முழுக்க அந்த மீசையைத்தான் உள்ளே போட்டு ஆட்டினேன். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் நிற்கட்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஜூன் 11

எஃப் பிரிவில் முதல் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பயல், பெயர் பெனிட்டோவாம், எழுந்து கேட்டான்: "மிஸ், நீங்க என்ன தப்பு பண்ணுனீங்க? இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க!"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "உக்காருலே" என்றேன்.

ஜூன் 17

திட்டம் முடிவாகிவிட்டது. எஃப் பிரிவில் ஒருவர் பாக்கியில்லாமல் பாஸாக வேண்டும். தனஞ்செயன் சார் முகத்தில் கரியைப் பூச இதைவிட நல்ல கரி கிடையாது.

ஒன்றை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. சண்டைக்குப் போகிறவன் தன் ஆட்களில் யாருக்கு எது வரும், எது வராது என்று தெரிந்துகொண்டுதானே போவான்? அவ்வளவுதான். தினம் ஒரு பிள்ளையாக, மத்தியானச் சாப்பாட்டை என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அதற்கு "சாப்பாட்டு விசாரணை" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜூன் 24

விசாரணைக்குப் பெனிட்டோ வந்தான். அவன் டப்பாவில் எலுமிச்சம்பழச் சோறு, என் டப்பாவில் வெண்டைக்காய்ப் பொரியல். என் பொரியலில் பாதியை எடுத்துக்கொண்டுதான் பேச ஆரம்பித்தான்.

"ஏன்லே, டவுட்டே கேக்க மாட்டேங்கே?"

"ஏழாங்கிளாஸ்ல ஒருநாள் கேட்டேன் மிஸ். இதுகூடத் தெரியாதான்னு சார் கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் சிரிக்க வைக்கிற வேலைய நானே எடுத்துக்கிட்டேன். அதுல மரியாதை இருக்கு பாருங்க."

இந்தப் பயலை நான் முதல் நாளே கோமாளி என்று முடிவு கட்டிவிட்டிருந்தேன். நல்லவேளை, வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜூலை 8

சந்தனமாரி. இந்தப் பிள்ளை வாயே திறக்காது. எந்தக் கேள்வி கேட்டாலும் எழுந்து நின்று தரையைப் பார்க்கும். மண்டையில் ஒன்றுமில்லை என்று போன வருட மிஸ் சொல்லியிருந்தார்.

திக்குவாய். அதுதான் விஷயம். முதல் எழுத்து வருவதற்குள் டீச்சர்கள் "உக்காரு" என்று சொல்லி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார்கள். நான் சும்மா சோற்றைப் பிசைந்துகொண்டே காத்திருந்தேன். ஒரு பெரிய கணக்கின் விடையை எழுதாமல், வாயாலேயே, தட்டித் தடுமாறிச் சொன்னாள். விடை சரி. வழியும் சரி.

ஏ பிரிவில்கூட நாலைந்து பேரால்தான் இப்படிச் சொல்ல முடியும். சந்தோஷத்தில் அப்பளத்தை முழுசாக அவளுக்கே கொடுத்துவிட்டேன். தனஞ்செயன் சாரே, உமக்கு இருக்குது.

ஜூலை 30

நகராட்சித் தண்ணீர் இன்றைக்குத்தான் வந்தது. குடம், வாளி, டிரம் எல்லாம் பிடித்து வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்குப் போனேன். பிந்திவிட்டது. தனஞ்செயன் சார் வாசலில் நின்று மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மீசை மட்டும் சொன்னது.

அக்டோபர் 9

ஏ பிரிவு ஜன்னல் வழியாகக் கொஞ்சம் நின்று பார்த்தேன். உளவு என்றே வைத்துக்கொள்ளலாம்.

மனிதர் நன்றாகத்தான் நடத்துகிறார். பொய் சொல்ல மாட்டேன். போர்டில் எழுத்து அச்சடித்த மாதிரி. ஆனால் அவர் பேசுவது முன்பெஞ்சில் இருக்கும் சென்டம் பிள்ளைகளோடு மட்டும்தான். "கரெக்டா சஞ்சித்?" "கரெக்ட் சார்." அவ்வளவுதான், அடுத்த கணக்கு. மற்றவர்களுக்குப் பெயரே கிடையாது. "மூணாவது பெஞ்ச், கண்ணாடி." "ஏய், ரெட்டை ஜடை." அந்த வகுப்பில் பாதிப் பேர் ரெட்டை ஜடைதான்.

காலாண்டில் எஃப் பிரிவில் பாதிக்கு மேல் பெயில். ஸ்டாஃப் ரூமில் தனஞ்செயன் சார் பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டே, "என்ன மிஸ், விருந்து மட்டும் தடபுடலா நடக்குதாம், ரிசல்ட்டக் காணமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பேப்பர் திருத்தினேன். சிவப்பு மை பேனா நிப்பு உடைந்துபோயிற்று.

நவம்பர் 18

இன்று நான் செய்துவிட்டு வந்ததை எழுதியாக வேண்டும். கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் அரசுத் தேர்வுக்குப் பெயர் அனுப்புவதற்கு முன்னால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதச் சொல்வார்கள். அப்போதுதான் பஸ் ஸ்டாண்ட் பேனரில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று போட முடியும். தாளாளர் அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று இரண்டு தொழில். இரண்டிலும் கழிவு இருக்கக் கூடாது அவருக்கு.

தனஞ்செயன் சார் எஃப் பிரிவில் சில பெயர்களை வாசித்தார். பெனிட்டோவும் சந்தனமாரியும் அதில் உண்டு.

"ஒருத்தரையும் அனுப்ப விட மாட்டேன்" என்று எழுந்துவிட்டேன்.

"பெயிலானா?" என்றார் அண்ணாச்சி.

"நான் வேலைய விட்டுட்டுப் போயிடுதேன், அண்ணாச்சி."

வாய் முந்திவிட்டது. முந்தினது முந்திவிட்டது என்று அடுத்ததையும் கேட்டேன்: "அப்ப ஏ செக்‌ஷன்ல ஒருத்தர் பெயிலானா?"

கூட்டமே சிரித்தது. தனஞ்செயன் சார் தொடையைத் தட்டினார். "ஏ-ல ஒருத்தர் பெயிலாகட்டும். மறுநாளே நான் மீசைய எடுத்துட்டு ஸ்கூலுக்கு வாரேன்!"

"எல்லாரும் சாட்சிப்பா" என்றார் அண்ணாச்சி. அவருக்கு இதெல்லாம் சேவல் சண்டை பார்க்கிற மாதிரி.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் மென்றுவிட்டு, "வேலைக்கு மீசை ஈடா? நீ கணக்கு டீச்சர்தானே?" என்றார்.

டிசம்பர் 16

கடவுள் இருக்கிறார். கோவில்பட்டியிலேயே இருக்கிறார்.

இன்று அரையாண்டுக் கணக்குத் தேர்வு. எனக்கு ஏ பிரிவு ஹாலில் மேற்பார்வை. சும்மா நடந்துகொண்டிருந்தவள் நடு வரிசையில் ஒரு பிள்ளைக்குப் பின்னால் நின்றேன். முத்து முத்தான கையெழுத்து. உருளைக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். கேள்வியில் ஆரம் பத்து என்று இருக்கிறது. அவள் ஏழு என்று எழுதுகிறாள். கவனப்பிசகு என்று நினைத்தேன். அடுத்த வரியும் ஏழை வைத்துத்தான். அதற்கடுத்ததும். கடைசியில் விடைக்கு ஒரு பெட்டியும் கட்டினாள். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். கைடில் இருக்கிற கணக்கு. ஒரு வரி பிசகாமல் அப்படியே.

இந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியாது. கணக்கை மனப்பாடம் பண்ணுகிறது. தேவாரம் ஒப்பிக்கிற மாதிரி முழுக் கைடையும் ஒப்பிக்கிறது. எண்ணை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அரசுத் தேர்வில் மாற்றுவார்கள். நிச்சயம் மாற்றுவார்கள்.

பெயர் பார்த்தேன். கௌசிகா.

தனஞ்செயன் சாருக்கு இது தெரியாது. தெரிய வாய்ப்பே இல்லை. போர்டில் இருப்பதை அழகாக எழுதி வைத்திருக்கிற, சத்தம் போடாத ரெட்டை ஜடையோடு அவர் எதற்குப் பேசப் போகிறார்?

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த மீசை தானாக உதிரும். வருகிற வழியில் எஃப் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி கடலைமிட்டாய் வாங்கினேன்.

ஜனவரி 5

அரையாண்டு மார்க் வந்தது. எஃப் பிரிவில் இன்னும் சிலர்தான் பாக்கி. பெனிட்டோ நாற்பதைத் தாண்டிவிட்டான். வகுப்பைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினான்.

அந்தக் கௌசிகா ஒட்டி ஒட்டிப் பாஸ். பெரும்பாலான கேள்விகள் கைடில் இருந்தபடியே வந்திருந்தன. தனஞ்செயன் சார் ஏ பிரிவில் எல்லோரும் பாஸ் என்று மேஜைக்கு மேஜை சொல்லிக்கொண்டு வந்தார். என் மேஜையில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். "வாழ்த்துகள் சார்" என்றேன், பால் குடிக்காத பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. உள்ளே சிரிப்பு பீறிட்டது.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து பள்ளி. கௌசிகா வருவது இனாம்மணியாச்சிப் பக்கத்து மினி பஸ்ஸில். மத்தியானம் குழாயடிப் படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தினமும் புளிச்சோறுதான். சாப்பிட்டுக்கொண்டே உதடு அசைகிறது. கணக்கை ஒப்பிக்கிறாள்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். எதிரியின் கோட்டையில் எந்தச் செங்கல் ஆடுகிறது என்று பார்த்துவைப்பது தப்பில்லை.

பிப்ரவரி 3

இன்னொன்றும் யோசித்தேன். எஃப் பிரிவில் யாராவது ஒருவர் தவறிவிட்டால் என் வேலை போகும். ஆனால் ஏ பிரிவிலும் ஒருவர் தவறினால், அண்ணாச்சி என்னை மட்டும் எந்த முகத்தோடு அனுப்புவார்? ஆகக் கௌசிகா எனக்குக் கேடயமும்கூட. வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி டிவியைப் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 10

மத்தியானம் சந்தனமாரி ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கௌசிகா. இரண்டு பேரும் ஒரே மினி பஸ்ஸாம்.

"மிஸ், இவளையும் வி... விசாரிங்க" என்றாள் சந்தனமாரி.

கௌசிகா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "மிஸ், எனக்குக் கணக்கு வரல. எல்லாத்தையும் உருப்போடுதேன் மிஸ். இப்ப மண்டைக்குள்ள நிக்க மாட்டேங்கு. படிச்சது ஒண்ணோட ஒண்ணு கலந்துருது."

"உங்க சார்கிட்ட சொல்லு."

"சாருக்கு என்னைத் தெரியாது மிஸ்."

புகார் மாதிரிகூடச் சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் சொல்லுவோமே, அப்படிச் சொன்னாள்.

"ஏ செக்‌ஷன் பிள்ளைக்கு எஃப் மிஸ் சொல்லிக் கொடுத்தா உங்க சாருக்கு மரியாதைக் குறைவு. போம்மா" என்றேன்.

போய்விட்டாள். என் டப்பாவைப் பாதியில் மூடிவிட்டேன். சாம்பார் புளித்துப் போயிருந்தது.

பிப்ரவரி 11

சாம்பார் புளிக்கவில்லை. வீட்டுக்காரர் அதைத்தான் ராத்திரியும் சாப்பிட்டார்.

பிப்ரவரி 12

இன்று திருப்புதல் வகுப்பில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். சந்தனமாரி கையைத் தூக்கினாள். இந்த வருடம் முழுக்க அவள் தானாகக் கையைத் தூக்கியதே இல்லை. எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. வகுப்பும் அமைதியாகிவிட்டது. அவளுக்காகக் காத்திருக்க இந்தப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

"மிஸ்... எ... எங்களையும் மீ... மீசைக்காகத்தான் சாப்பிடக் கூப்பிட்டீங்களா?"

பந்தயம் பள்ளி முழுக்கத் தெரிந்த கதை என்பதை மறந்தே போனேன்.

பெனிட்டோ ஜோக் அடித்துச் சமாளிப்பான் என்று அவன் பக்கம் பார்த்தேன். அவன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புத்தகத்த எடுங்க" என்று கத்தினேன். எடுத்தார்கள். மத்தியானம் விசாரணைக்கு இன்று முறை வைத்திருந்த பயல் வயிற்றுவலி என்று சொல்லி வரவில்லை. தனியாகச் சாப்பிட்டேன்.

ஆமாம். மீசைக்காகத்தான் கூப்பிட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? ஜூன் மாதமே எழுதி வைத்திருக்கிறேனே. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டபோது "ஆமாம்" என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. திக்கியது அவளுக்கில்லை, எனக்கு.

பிப்ரவரி 13

மத்தியான மணி அடித்ததும் ஏ பிரிவு வாசலில் போய் நின்றேன். "கௌசிகா, டப்பாவ எடுத்துட்டு வா."

தனஞ்செயன் சார் அப்போதுதான் வெளியே வந்தார். "என்ன மிஸ், பழைய செக்‌ஷன் ஞாபகமா?"

"ஆமா சார். புளிச்சோறு சாப்பிட்டு நாளாச்சு" என்றேன்.

எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன், எதற்குக் கூப்பிட்டேன் என்று அவர் கேட்கவே இல்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

மாடிக்குக் கூட்டிப் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் உட்காரவைத்தேன். சந்தனமாரி நகர்ந்து இடம் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அப்பளத்தை என் பக்கம் தள்ளினாள்.

கௌசிகாவின் தட்டில் ஒரு தோசையில் பாதியையும் இன்னொரு கால் பாகத்தையும் பிய்த்து வைத்தேன். "மொத்தம் எவ்வளவு?"

"முக்கால் மிஸ்."

"அதையே எழுது."

அரையையும் காலையும் எழுதினாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஆறில் இரண்டு என்று போட்டாள். தட்டில் இருக்கிற முக்கால் தோசையையும் தான் எழுதியதையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு ஏ பிரிவு.

"எப்பத்துலருந்து இப்படி?"

"அஞ்சாங்கிளாஸ்ல மஞ்சக்காமாலை வந்துச்சு மிஸ். ரொம்ப நாள் போகல. திரும்பிப் போனப்ப எல்லாரும் பின்னம் முடிச்சுட்டாங்க. யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல. எழுதுறதப் பாத்து எழுதுனேன். மார்க் வந்துச்சு."

ஐந்தாம் வகுப்பிலிருந்து. அத்தனை டீச்சர்களைத் தாண்டி. ஒரு ஆளாவது டப்பாவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாதா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 14

மீசை பிழைத்துக்கொண்டது. என் கையாலேயே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன்.

மார்ச் 2

கௌசிகா கைடைத் தொடக் கூடாது என்று வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அழுதாள். நடக்கத் தெரிந்தவனிடமிருந்து கைத்தடியைப் பிடுங்கினால்கூடத் தடுமாறுவான், இவளுக்கு நடக்கவும் தெரியாது. பெனிட்டோதான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை மாற்றி மாற்றிக் கேட்கிறான். "ஏ செக்‌ஷனுக்கே டியூஷன் எடுக்கேன், பாத்துக்கிடுங்க" என்று கண்ட இடத்தில் சொல்லித் திரிகிறான். அவனுக்கே இப்போதுதான் உருளை முழுசாகப் புரிகிறது.

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. கடை மாவு.

மார்ச் 19

கௌசிகா ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாள். நல்ல தப்பு. எங்கே பிசகினாள் என்று அவளே கண்டுபிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தாள். மனப்பாடம் பண்ணுகிறவர்கள் நாக்கைக் கடிக்க மாட்டார்கள்.

இவ்வளவு நல்ல ஒரு பழியை என் கையாலேயே கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. அதை மறைப்பதற்கில்லை.

ஏப்ரல் 7

கணக்குத் தேர்வு. பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். உருளைக் கணக்கு வந்திருந்ததாம். ஆரத்தை மாற்றியிருந்தார்களாம்.

கௌசிகா வெளியே வந்து, "மிஸ், ஏழு இல்ல" என்றாள்.

ஏப்ரல் 26

ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டினேன். வேலை போனால் வேறு எங்கே கேட்கலாம் என்று யோசித்தேன். பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கலாம். வீட்டுக்காரர், "மீசைய ஏலம் விட்டா வாங்கிக்கிடலாம்" என்றார். இந்த மனிதர் கேலி பண்ணுவதற்கென்றே கல்யாணம் பண்ணினார் போல.

மே 16

ரிசல்ட்.

எஃப் பிரிவு, எல்லோரும் பாஸ். ஒருவர் பாக்கியில்லை. சந்தனமாரி தொண்ணூற்று நான்கு. ஆபீஸ் வாசலில் நின்று கம்ப்யூட்டர் திரையை மறுபடி மறுபடி பார்த்தேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். பெனிட்டோ ஐம்பத்தொன்று. என்னைத் தூக்கப் போனான், பயல்.

ஏ பிரிவும் எல்லோரும் பாஸ். கௌசிகா ஐம்பத்தெட்டு.

ஆக என் வேலையும் போகவில்லை, அவர் மீசையும் போகவில்லை. அண்ணாச்சி உற்சாகமாகி எல்லாப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வரச்சொன்னார். பிரேயர் ஹாலில் லட்டும் பேனாவும் கொடுப்பதாக ஏற்பாடு. மேடையில் தனஞ்செயன் சார். மீசைக்கு இன்று புதுசாக மை அடித்திருந்தார். என்னைப் பார்த்து இரண்டு பக்கமும் முறுக்கிக் காட்டினார். ஹாலே சிரித்தது. நானும் கை தட்டினேன். தட்டும்போது உள்ளங்கை எரிந்தது. பதினோரு மாதக் கோபம் சார் அது. அதைத் தின்று செரிக்க என்னால் முடியவில்லை.

பிரிவு வாரியாக நிற்கச் சொன்னார்கள். கௌசிகா அம்மாவோடு வந்தாள். அம்மா ஜவுளிக்கடை யூனிபார்ம் புடவையில் அப்படியே வந்திருந்தார். இரண்டு பேரும் நேராக ஏ வரிசைக்குப் போனார்கள். சரியான இடம்தான்.

தனஞ்செயன் சார் மேடையிலிருந்து இறங்கி வரிசையைச் சரிபண்ணிக்கொண்டு வந்தார். கௌசிகா முன்னால் நின்றார். பெனிட்டோவும் சந்தனமாரியும் அவளைப் பார்த்து எங்கள் பக்கத்திலிருந்து கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "நீ எஃப்தானே? இது ஏ வரிசை. எஃப் எல்லாம் அந்தப் பக்கம்மா, உங்க மிஸ் அங்க நிக்காங்க பாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

அவள் அம்மா வாயைத் திறந்தார். கௌசிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாரை நிமிர்ந்து பார்த்தாள். "சரி சார்" என்றாள்.

அவ்வளவு பேர் பார்க்க ஹாலைக் குறுக்கே நடந்துவந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். சந்தனமாரி நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. இந்த முறை ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காக நான் வருத்தப்படவும் போவதில்லை.

முதலில் ஏ பிரிவு. மைக்கில் தனஞ்செயன் சாரே வாசித்தார். சென்டம் பிள்ளைகளை வாசிக்கும்போது குரல் மணி மாதிரி இருந்தது. ஒவ்வொருவராகப் போய் அண்ணாச்சி கையில் லட்டு வாங்கினார்கள்.

"கௌசிகா."

ஏ வரிசையைப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

"கௌசிகா! வரலையா?" அண்ணாச்சி பக்கம் திரும்பி, "ஆப்சென்ட் போல அண்ணாச்சி" என்றார்.

"இருக்கேன் சார்" என்றாள் என் பக்கத்திலிருந்து. சத்தம் போடாத பிள்ளைதான். ஹால் கடைசி வரை கேட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். சற்று முன் தான் தோளில் தட்டி அனுப்பிய பிள்ளையைப் பார்த்தார். அண்ணாச்சி லட்டைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தார். அவள் அம்மா பார்த்தார். ஏ வரிசையின் நடு பெஞ்சுப் பிள்ளைகள், ரெட்டை ஜடைகள், கண்ணாடிகள் எல்லோரும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"உங்க பிள்ளைதானய்யா?" என்றார் அண்ணாச்சி, மைக்கில் கேட்கும்படி.

தனஞ்செயன் சாரின் கை மீசைக்குப் போனது. முறுக்கவில்லை. உள்ளங்கையால் வாயோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார்.

கௌசிகா மேடையேறி லட்டு வாங்கிக்கொண்டு, எஃப் வரிசைக்கே திரும்பி வந்து அதை உடைத்தாள். எனக்குப் பாதி கொடுத்தாள். தின்றேன்.

அவர் மீசை அவர் முகத்திலேயே இருக்கட்டும்.